தாய்பேயின் நடுப் புகையிரத நிலையம்

தாய்வானின் தலைநகராகிய தாய்பேயின் நடுவே, அரண்மனையை ஒத்த கூரையுடன் பெருங் கட்டடமொன்று நிற்கின்றது. இதுவே நகரின் தலைமைப் புகையிரத நிலையமென்றாற் புதியவர் எளிதில் நம்பார். சுற்றிலும் தண்டவாளம் யாதும் காணப்படாமையே காரணம். வண்டிகளெல்லாம் நிலத்தின் கீழேயே வந்து போகின்றன.

இத்தீவிலே புகையிரதப் பாதையமைக்க முன்னின்றவர் சீனப் பேரரசின் ஆளுநராயிருந்த லியு மிங்சுவான் ஆவர். 1887 இல் தொடங்கிய வேலை 1891 இற் கீலுங் துறைமுகத்தைத் தாய்பேயுடன் இணைத்தது. 1895 இல் தீவைக் கைக்கொண்ட யப்பானியர் 1908 அளவில் அப்பாதையைத் தெற்கே காவோசியுங் வரை கொண்டுசென்றனர். காலப்போக்கில் நகரம் பாதையின் இருமருங்கும் பெருகியது; கடவைகள் மூடப்படுந்தோறும் தெருவில் மக்களும் வாகனங்களும் தேங்கி நிற்கவேண்டியதாயிற்று. ஆகவே பாதையைச் சுரங்கத்துள் இறக்கத் துணிந்தனர். பழைய நிலையம் 1986 இல் இடிக்கப்பட்டது. இன்றைய கட்டடமும் சுரங்கப் பாதையும் 1989 இற் பயனுக்கு வந்தன.

அப்பொழுது கட்டப்பட்ட மேடைகள் நான்கும் பழைய புகையிரதத்துக்கென்றே கருதப்பட்டவை. பின்னர் மணிக்கு 300 கிலோமீற்றர் ஓடும் அதிவேகப் புகையிரதம் வந்தபோது அவற்றுள் இரண்டு அதற்கு வழங்கப்பட்டன. 2007 மார்ச்சு முதல் அவ்வண்டிகள் இங்கிருந்து ஓடுகின்றன. பழைய பாதையின் தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீற்றர். புதியதன் இடைவெளி 1435 மில்லிமீற்றர். ஒன்றின் வண்டி மற்றதன் மேல் ஓடாது. எனவே வண்டி மாறவேண்டியவர் பிரயாணியே. எஞ்சிய இரு மேடைகளைக்கொண்டு சமாளிக்கவேண்டிய பழைய புகையிரதமோ, தன் வண்டிகள் பலவற்றை இங்கே முடித்து நிறுத்தாது அப்பாலுள்ள நிலையங்களுக்கு அனுப்பிவிடுகின்றது. இடம் வழங்கியவனுக்கே நெருக்கடி என்க.

இவற்றுக்கும் கீழே நகர மெட்ரோவின் பாதைகள் இரண்டு ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. வடக்கே டாம்சுயி நோக்கிய பாதை 1997 இலும், கிழக்கு மேற்கான பாதை 1999 இலும் இந்நிலையத்தை அடைந்தன. விமான நிலையத்துக்கான பாதை 2017 இல் வந்தது. குறிப்பிட்ட சில விமானங்களிற் செல்வோர் தம் பொதிகளை இங்கேயே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையுடன் புறப்படலாம். ஆயின் அதன் மேடைக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டும். நிலக்கீழ்க் கடைத்தெருக்கள் பின்னிக் கிடக்கும் அவ்விடத்திலே உள்ளூரவரும் வழி தடுமாறுவதுண்டு.

மேலே, கறுப்பும் வெள்ளையுமான கற்கள் பதித்த உயர்ந்த மண்டபமொன்றுளது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தோனேசியத் தொழிலாளர் பலர் அதன் தரையில் வட்டமாயமர்ந்து உணவு பகிர்ந்துண்பர். பிறர் வீடுகளிலே தங்கி முதியோரைப் பராமரிக்கும் பெண்கள் அவர்களுட் பலர். வாரத்தில் ஒருநாள் தம் மொழியில் மனம்விட்டுப் பேசுவதற்கு அவர்களுக்கு வேறிடம் எளிதிற் கிடைப்பதன்று. நோன்புப் பெருநாளிலோ மண்டபம் நிறைந்துவிடும். 2020 இல் நோய்ப்பரவலை முன்னிட்டுத் தரையில் அமர்தல் தடுக்கப்பட்டது. அத்தடையை நிரந்தரமாக்க நிர்வாகம் எண்ணியபோது நகர மக்கள் பலர் தாமே வந்து அக்கற்களின்மீது அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். பிரயாணிகளின் வழியை மறிக்கிறார்கள் என்பது ஒரு சாராரின் முறைப்பாடு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும் நிரந்தரத் தடை என்ற எண்ணம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. தொழிலாளர் மீண்டும் வந்தமர்ந்தனர்.