புது வீட்டு ஹோலும் ஐந்து ஸ்பீக்கர்களும்

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டிய வீடொன்றில், குடிபூரலுக்கு முன்னர், கதிரை மேசை எதுவும் வந்து சேராத ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். கை ஓய்ந்த பிறகும் அறை ஓயாது. சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, மேலேயுள்ள கொங்கிறீற் தட்டில் பட்டு, வழுவழுப்பான ரைல்ஸ் நிலத்தில் விழுந்து எழும்பி, இரண்டு மூன்று செக்கன் உலாவிவிட்டுத்தான் அடங்கும். அந்த ஹோலில் சரவுண்ட் சவுண்ட் செற் பூட்ட நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் கேட்கவேண்டிய சத்தம் இதுதான். எந்தக் கம்பனியின் பெட்டியை வாங்கினாலும், அதிலிருந்து வரும் ஒவ்வொரு வசனத்தோடும் ஒவ்வொரு தவிலடியோடும் இந்த அறை தன் பங்கையும் சேர்த்தே நம் காதில் போடும்.

சுற்றிவர ஒலி கேட்பது என்பது சினிமாக்காரர் கண்டுபிடித்த புதுமை அல்ல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் ஏதோ ஒரு நாள் வீதியில் சனத்துக்குள் நின்றவர்களுக்கு இது தெரியும். சுவாமி எந்தப் பக்கத்தால் வருகிறார் என்பதைக் கண் காணுமுன் காது சொல்லிவிடும். தவிலும் நாதஸ்வரமும் பின்னால் இடப்பக்கம். மணியோசை நேர் முன்னே. அரோகரா மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில். நமக்கு இருப்பதோ இரண்டு காதுகள்.

30 பாகை வெப்பமுள்ள நம் ஊர்க் காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். இடப்பக்கத்துத் தவிலின் ஓசை இடது காதைத் தொட்டு, தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதைத் தொட ஆகக்கூடியது 0.7 மில்லிசெக்கன். அந்தச் சின்னஞ்சிறு தாமதத்தைக் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. நல்ல காதுள்ள ஒருவர் ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட உணர்வார். உச்சத் தொனிகளுக்கு வேறொரு வழி உண்டு: தலை அவற்றை மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைந்து கேட்கும். இந்த இரண்டு வழிகளையும் 1907இல் றேலீ பிரபு தெளிவாக எழுதிவைத்தார். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைப் பிரித்துச் சொல்வது செவிமடலின் மடிப்புகள். ஒவ்வொருவர் செவிமடலும் வேறு வேறு வடிவம். அவரவர் மூளை அவரவர் மடிப்பைக் குழந்தைப் பருவம் தொட்டுப் படித்து வைத்திருக்கிறது.

ஸ்பீக்கர்கள் இந்த மூளையைத்தான் ஏமாற்றுகின்றன. முன்னால் இடமும் வலமும் இரண்டு ஸ்பீக்கர் வைத்து இரண்டிலும் ஒரே குரலை ஒரே அளவில் விட்டால், குரல் ஒன்றுமேயில்லாத நடுவிடத்திலிருந்து வரும். 1931இல் இலண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் அலன் புளும்லைன் இந்த ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் அந்த மாயம் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே. ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் கிட்டவுள்ள ஸ்பீக்கருக்குள் போய்விடும். நம் வீடுகளில் படம் பார்ப்பது ஒருவர் இருவர் அல்ல. அம்மம்மா கதிரையில், பிள்ளைகள் நிலத்தில், பக்கத்து வீட்டார் வாசலோடு என்று ஹோல் முழுக்க ஆட்கள். அதனால்தான் ரிவிக்கு நேர் கீழே வைக்கும் நடு ஸ்பீக்கர் முக்கியமாகிறது. படத்தின் பேச்சில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வரும். கையில் உள்ள காசு குறைவென்றால், மலிவான ஏழு ஸ்பீக்கரைவிட முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர் மேல் என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் வைப்பவற்றைப் பிறகும் வாங்கலாம்.

பின்பக்க ஸ்பீக்கர்களின் கதை 1940இல் வால்ட் டிஸ்னியின் 'பாண்டேசியா' படத்தோடு தொடங்கியது. அதற்கென்று செய்த கருவிகள் ஒருசில தியேட்டர்களுக்கே போய்ச் சேர்ந்தன. எழுபதுகளில் டொல்பி ஸ்டீரியோ வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் டொல்பி ஒலியோடு 'குருதிப்புனல்' வெளிவந்தது 1995 ஒக்டோபர் தீபாவளிக்கு. அதே ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தது. 1990இலிருந்தே குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, மற்றவர்கள் டைனமோவில் ஓடும் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது.

அந்த டைனமோவை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. சைக்கிள் டைனமோ தரக்கூடியது 6 வோல்ற்றில் 3 வாற். றேடியோ அதிலும் ஒரு பங்கைத்தான் எடுத்தது. அவ்வளவு கொண்டே ஒரு வீடும் அயலும் செய்தி கேட்டன. ஒரு வாற் எவ்வளவு சத்தம் என்பதை அனுபவத்தில் அறிந்த சனம் நாங்கள். இன்று கடையில் ஒரு செற்றின் பெட்டியில் பத்தாயிரம் வாற் என்று அச்சடித்திருந்தால், அதன் பிளக்கைப் பாருங்கள். 13 அம்பியர் பிளக், 230 வோல்ற்: பெருக்கினால் 2,990 வாற். சுவரிலிருந்து இழுக்கக்கூடியதே அவ்வளவுதான். பி.எம்.பி.ஓ. என்று போடும் இலக்கங்கள் ஒரு கண நேர உச்சத்தை ஊதிப் பெருப்பித்தவை. ஆர்.எம்.எஸ். என்ற பெயரில் வரும் சின்ன இலக்கத்தைத்தான் நம்பலாம்.

காதும் வாற்றும் நேராக ஏறுவதில்லை. வலுவை இரட்டித்தால் 3 டெசிபெல் மட்டும் கூடும். சத்தம் 'இரண்டு மடங்கு' என்று தோன்றப் பத்து மடங்கு வலு வேண்டும். சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபெல் அளவில் கேட்கும். நாம் கதைப்பது 60. ஆகவே நூறு வாற்றா இருநூறு வாற்றா என்று மினக்கெடுவதில் பயனில்லை. மினக்கெடவேண்டிய இடம் அறை.

1895இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரைச் செக்கன் எடுத்தது. வோலஸ் சபைன் என்ற இளம் விரிவுரையாளரிடம் அதைச் சரிப்படுத்தும் பொறுப்பு வந்தது. இரவு ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அந்த இரவுகளில் பிறந்ததுதான் கட்டட ஒலியியல். அவர் கண்ட விதி எளிது: அறையின் கன அளவை அறையிலுள்ளவை விழுங்கும் ஒலியின் அளவால் பிரித்து 0.161ஆல் பெருக்கினால், எதிரொலி அடங்கும் நேரம் செக்கனில் வரும். விழுங்குவதை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல். திறந்த யன்னலால் வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல் என்றால் முழுதாக ஒரு அலகு.

நம் ஹோல் ஒன்றை எடுப்போம். 12 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம். கன அளவு 54 கன மீற்றர். சீமெந்துப் பூச்சும் ரைல்ஸும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்கும். சுவர், நிலம், மேல்தட்டு எல்லாம் சேர்ந்து 88 சதுர மீற்றர் இருந்தாலும் கிடைப்பது 2.6 அலகு. கணக்குப் போட்டால் மூன்று செக்கனுக்கு மேல். படம் பார்க்க விரும்பத்தக்கது அரைச் செக்கனுக்கு உட்பட்டது. மூன்று செக்கன் அறையில் பத்து, பட்டு, பற்று மூன்றும் ஒன்றாகிவிடும். முந்திய உயிரொலியின் வால், பின்வரும் மெய்யொலியை மூடிவிடுகிறது. பேச்சு விளங்கவில்லை என்று நாம் சத்தத்தைக் கூட்டுவோம். வாலும் சேர்ந்து நீளும்.

அரைச் செக்கனுக்கு 17 அலகுக்கு மேல் வேண்டும். நாலடிக்கு நாலடி யன்னல் இரண்டை முழுதாகத் திறந்தால் 3. (இப்போது பூட்டும் அலுமினியச் சறுக்கு யன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் ஒன்றரை.) திறந்த வாசல் ஒன்று ஏறக்குறைய 2. கொசுவி விட்ட தடித்த பருத்தித் திரை ஆறு சதுர மீற்றருக்கு 3. நிலத்தில் தடித்த விரிப்புப் போட்டால் 2. பஞ்சு வைத்த செற்றி மூன்று நான்கு. நாலு பேர் வந்து இருந்தால் அவர்களே 2. எல்லாம் குத்துமதிப்புத்தான், ஆனாலும் இலக்கு எட்டிவிடுகிறது. ஒலித் தகடு என்று ஒன்றும் வாங்கவில்லை. ஏசி பூட்டி யன்னலைச் சாத்துபவர்கள் அந்த மூன்று அலகை இழக்கிறார்கள். ஈடாகத் திரையைப் பெருப்பிக்கவேண்டும்.

நாற்சார் வீட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நடு முற்றம் வானத்தைப் பார்த்த பெரும் யன்னல். அதனால் போன ஒலி போனதுதான். பனஞ்சலாகையில் வேய்ந்த ஓடுகளின் இடுக்குகள் அடித்தொனியைக் கசியவிடும். சரிந்த கூரை ஒலியைச் சிதறடிக்கும். பாட்டனார் காலத்து விறாந்தையில் ஒருவர் மெல்லப் பாடினாலும் சொல் சொல்லாகக் கேட்டதற்கு அந்தக் கட்டமைப்பும் காரணம். அந்த வீட்டில் வாழ்பவர்கள், ஒலியை மேல்தட்டில் பட்டுத் தெறிக்கவிடும் அட்மொஸ் ஸ்பீக்கர்களைத் தவிர்க்கவேண்டும். அவற்றுக்குத் தட்டையான கொங்கிறீற்தான் பொருத்தம்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதனால் பெரிய பயன் இல்லை. ஓர் ஒலியை நன்றாக விழுங்க, அதன் அலைநீளத்தில் காற்பங்கு தடிப்பு வேண்டும். 1000 ஹேர்ட்ஸுக்கு அலைநீளம் 35 சென்ரிமீற்றர். அதற்கே 9 சென்ரிமீற்றர் தடிப்பு. பழைய தும்பு மெத்தை ஒன்று அட்டை நூறைவிடக் கூடுதலாகச் செய்யும்.

அடித்தொனி வேறு உலகம். 36 ஹேர்ட்ஸ் ஒலியின் அரை அலை சரியாக 16 அடி. அந்தத் தொனி வந்ததும் நம் ஹோல் நெடுகலாகத் தானே அதிரும். சுவரோரம் குமுறும், நடுவில் காணாமலே போகும். 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ். நீளமும் அகலமும் 12 அடியாகச் சதுர அறை கட்டிவிட்டால் இரண்டு அதிர்வும் ஒரே தொனியில் விழுந்து, தவிலின் தொப்பிப் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் ஒரே 'டும்' என்றுதான் கேட்கும். வீட்டுப் படம் கீறும்போதே ஹோல் சதுரமாகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. செற்றியைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு மூன்றடி முன்னால் இழுத்தால் குமுறல் குறையும்.

அடித்தொனிக்கென்றே உள்ள சப்வூபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிப் போட்டாலும் அறை அதே பதிலைத்தான் தரும் என்பது றேலீயும் ஹெல்ம்ஹோல்ற்ஸும் காட்டிய விதி. அதனால் சப்வூபரைச் செற்றியின்மேல், நீங்கள் இருக்கும் இடத்தில் வைத்து, அடித்தொனி நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாக முழங்காலில் தவழ்ந்து போங்கள். எந்த மூலையில் ஒவ்வொரு அடியும் பிரிந்து, சமமாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூபரை வையுங்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே காதுக்குத் திசை பிடிபடாது என்பதால், அது ரிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

மற்றவற்றுக்குக் கோணமானி போதும். முன் இரண்டும் நடுவிலிருந்து முப்பது முப்பது பாகை. பின் இரண்டும் 110 பாகையளவில், அதாவது காதுகளுக்குச் சற்றே பின்னால் பக்கவாட்டில், காது மட்டத்துக்கு ஓரடி இரண்டடி மேலே. கூரையோரப் பின்மூலைகளில் மாட்டுவதுதான் எங்கும் காணும் பிழை.

கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய செற் என்றால் பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் பிளக்கைச் செருகவேண்டாம். அங்கே 120 வோல்ற், இங்கே 230. 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் மின்னழுத்தம் இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்: பஞ்சு போன்ற நுரை விளிம்பு நம் ஈரக் காற்றில் சில வருடத்திலேயே உதிரும், றப்பர் விளிம்பு நிற்கும். பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் உப்புக் காற்று முனைகளைப் பச்சை பிடிக்கவைக்கும். சித்திரை வெயில் நாட்களின் பின்னேரங்களிலும், ஐப்பசி மழைத் தொடக்கத்திலும் இடி மின்னல் கூடும்போது பிளக்கோடு அன்ரனாவையும் கழற்றிவிடுங்கள்.

வயருக்குப் பொன் விலை கொடுக்கத் தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் 15 மீற்றர் ஓடினாலும் போய்வரத் தடை 0.35 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டில்லை. ஆனால் அதைச் சுவருக்குள் விடும் பைப் பூச்சு வேலைக்கு முன்னரே பதியவேண்டும். மேசனும் வயரிங்காரரும் ஒரே நாளில் நிற்கும்போது, ரிவிச் சுவரிலிருந்து செற்றியின் இரு பக்கத்துக்கும் மின் வயரிலிருந்து ஓரடி விலக்கித் தனிப் பைப் இரண்டு, சப்வூபருக்கென்று எதிர்ச் சுவருக்கு ஒன்று, உள்ளே இழுகயிறும் போட்டு விடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை அடுத்த வருடமும் வாங்கலாம்.