ஊமைப்பூ

'நாற்றம்' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி எம் மாணவர்க்கு என்றும் நகைப்பூட்டுவது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்து நின்ற அச்சொல், காலஞ் செல்லச்செல்ல இழிந்து, இன்று மூக்கைப் பொத்தச் செய்யும் பொருளையே தருகின்றது. சொற்கள் உயர்ந்த இடத்திற் பிறந்து தாழ்வதுண்டு. பெயர்களோ சில வேளை தாழ்ந்த இடத்திலிருந்து உயர்வதுமுண்டு. நாற்றத்திற் பிறந்து நறுமணமாகிய பெயரொன்றைப் பற்றியே இன்று சில கூறக் கருதினேன்.

சென்ற விடுமுறையிற் பாரிஸ் நகரிலிருந்து வந்த என் பழைய மாணவி ஒருத்தி, என் மனைவிக்கென்று சிறு சென்ற் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். "இது மிஸ் டியோர், ஐயா. அங்கே பெரிய பேர்" என்றாள். சந்தனமும் மல்லிகையும் அன்றிப் பிறிதறியாத எம் வீட்டு அலமாரியில் அது வழிதவறி வந்த விருந்தாளிபோல் இருந்தது. அதன் விலையைக் கேட்டபோது எனக்குச் சினமே மூண்டது. உடை விற்பாரொருவர் பெயருக்கு இத்துணை விலையா என்று எண்ணி, அப்பெயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சினம் முற்றும் தணிந்ததென்று கூறேன். ஆயினும் வேறொன்று அதனருகில் வந்து அமர்ந்தது.

பிரான்சின் வடமேற்கே, நோர்மண்டிக் கடற்கரையிலுள்ள கிரான்வில் என்னும் ஊரில், 1905 ஆம் ஆண்டு பிறந்தவர் கிறிஸ்தியான் டியோர். தந்தையார் பசளை உற்பத்தியாளர். ஆலையின் பக்கமிருந்து காற்று வீசினால், இன்று டியோர் நாறுகின்றது என்று ஊரார் சொல்வராம். அதே ஊரிற் கடலை நோக்கிய உயர்நிலத்தில் தாயார் ரோசாத் தோட்டம் வளர்த்தார். கிறிஸ்தியானும், அவருக்கு 12 ஆண்டு இளையவராகிய தங்கை கத்தரீனும் பூக்களின்மேற் கொண்ட காதல் தாய்வழி வந்தது. 1931 இல் தாயார் இறந்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தந்தையாரின் செல்வமும் அழிந்தது. குடும்பம் தென்பிரான்சிற் கலியான் என்னும் சிற்றூரை அடைந்தது. போர் தொடங்கியபின் அண்ணனும் தங்கையும் அங்கே போஞ்சியும் பட்டாணியும் பயிரிட்டு விற்று வாழ்ந்தனர்.

1940 இற் பிரான்சு ஜேர்மனியரிடம் வீழ்ந்தது. அண்ணன் பின்னர் பாரிசுக்குச் சென்று, உடை வரையும் தொழிலில் அமர்ந்தார். அவர் பணிசெய்த ஆடையகம் ஆக்கிரமிப்பாளரின் மனைவியர்க்கும் உடை விற்றது. அதே காலத்தில் தங்கையோ எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்து, எதிரிப் படையின் நடமாட்டங்களை அறிந்து செய்தி சேர்ப்பித்து வந்தார். பாரிசில் அண்ணனின் வீட்டிலேயே தோழரைச் சந்தித்தார், அண்ணனும் இடந்தந்தார். ஒரே கூரையின்கீழ் இருவேறு வாழ்க்கை!

1944 யூலை 6 ஆம் நாள் கத்தரீன் கைதானார். பிடித்தவர்கள் ஜேர்மன் இரகசியப் பொலிசுக்கு ஊழியஞ்செய்த கூட்டத்தினர். அவருட் பலர் பிரெஞ்சுக்காரரே. அடித்தார்கள், குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள், தோழர் பெயரைக் கேட்டார்கள். அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வெளிவரவில்லை. ஓகஸ்ட் 15 ஆம் நாள், பாரிஸ் விடுதலைபெறப் பத்து நாள்களே இருக்கையில், கைதிகளை ஏற்றிய புகைவண்டி அவரையும் கொண்டுசென்றது. ராவன்ஸ்புரூக் என்னும் பெண்கள் வதைமுகாமிலும், பின் போர்த்தளபாடத் தொழிற்சாலைகளிலும் அடிமைபோல் உழைப்பிக்கப்பட்டார்.

தமையனார் அறிந்தாரிடமெல்லாம் முறையிட்டார்; பயனில்லை. குறிசொல்லும் பெண்ணொருத்தியிடமும் சென்றார். தங்கை உயிரோடு வருவாள் என்றாள் அவள். காத்திருத்தல் எத்தகையது என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1945 மே மாத இறுதியிற் கத்தரீன் மீண்டார். புகைவண்டி நிலையத்தில் நின்ற மெலிந்த உருவத்தைத் தமையனாரால் அடையாளங் காண முடியவில்லை. வீட்டில் அவர் ஆக்கிவைத்த உணவைத் தங்கையால் உண்ணவும் முடியவில்லை.

முகாமிலிருந்து மீண்டவர் என்ன தொழில் தேர்ந்தார்? பூ விற்றார். பாரிசின் பெருஞ்சந்தையில், விடியுமுன் எழுந்து பூவாணிகம் செய்தார்.

பருத்தித் தொழிலதிபர் மார்சேல் பூசாக்கின் முதலுடன் கிறிஸ்தியான் தம் பெயரில் ஆடையகம் நிறுவினார். 1947 பெப்ரவரி 12 ஆம் நாள் முதற் காட்சி நடந்தது. ஒடுங்கிய இடையும், துணியை வாரியிறைத்து அகலத் தைத்த பாவாடையும் உலகை வியக்கவைத்தன. உணவும் துணியும் பங்கீட்டில் இருந்த காலம் அது. அவ்வுடையுடன் சந்தைத் தெருவுக்கு வந்த பெண்ணொருத்தியின் ஆடையை ஏழைப் பெண்கள் சிலர் பற்றிக் கிழித்த செய்தியும் உண்டு. அக்கைகளை யான் குறைகூறேன்.

அவ்வாண்டிலேயே அவ்வில்லத்தின் முதல் வாசனையும் வெளிவந்தது. அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த வேளையிற் கத்தரீன் அறையினுள் வர, இதோ மிஸ் டியோர் என்று அங்கிருந்த ஒருவர் சொல்ல, அதுவே பெயராயிற்று என்பர். இவ்வாறு, பசளை ஆலையின் நாற்றத்தோடு ஒட்டிக் கிடந்த குடிப்பெயர், சித்திரவதையிலும் வாய்திறவாத பெண்ணொருவரை நினைவூட்டும் நறுமணத்தின் பெயராயிற்று.

இனி அத்தொழிலின் நுட்பம் சிறிது காண்போம். கலியானுக்கு அணித்தேயுள்ள கிராஸ் நகர் பூவாசனைக்குப் பேர்போனது. அவ்வட்டாரத்துத் தொழிற்றிறனை யுனெஸ்கோ 2018 இற் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அங்கே மே மாதத்தில் ரோசாவும், ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மல்லிகையும் பறிப்பர். ஒரு கிலோ மல்லிகைக்கு 7,000 முதல் 10,000 பூ வரை வேண்டும். ரோசாவை நீராவியில் வடிக்கலாம். மல்லிகை அச்சூட்டைத் தாங்காது. ஆதலால் முன்னாளிற் கண்ணாடித் தட்டிற் கொழுப்பைப் பூசி, அதன்மேற் பூவைப் பரப்பி, மணத்தைக் கவர்ந்தனர். பின்னர் ஆவியாகும் கரைப்பான்கள் வந்தன.

ஆனால் மியூகே என்றொரு பூ உண்டு. வெண்மணி கோத்தாற்போன்ற அதனை, மே முதலாம் நாள் பிரெஞ்சு மக்கள் நற்பேறு வேண்டி ஒருவர்க்கொருவர் கொடுப்பர். டியோருக்கு அதுவே உயிர்ப்பூ. தாம் ஆக்கிய உடைகளின் மடிப்பினுள் அதன் காய்ந்த கொத்தொன்றை வைத்துத் தைப்பிப்பார். முகர்வார்க்கு மணத்தை வாரி வழங்கும் அப்பூ, வடித்தாலும் கரைத்தாலும் தொழிலுக்குதவும் தைலந் தாராது. வாசனைத் தொழிலார் இத்தகையதை ஊமைப்பூ என்பர். எத்மோன் ருத்னித்ஸ்கா என்னும் கலைஞர், கிராசுக்கு மேலுள்ள சிற்றூரில் தம் தோட்டத்தில் அதனை நட்டு, அருகிருந்து முகர்ந்து முகர்ந்து, ஆய்கூடப் பொருள்களாலும் பிற பூக்களின் சாரத்தாலும் அம்மணத்தைப் புதிதாய்க் கட்டியமைத்தார். 1956 இல் வந்த டியோரிசிமோ அதன் பயன். வருத்திக் கேட்டார்க்கு வாய்திறவாத பூ, பொறுமையோடு அருகிருந்தார்க்குத் தன் இயல்பைச் சொல்லிற்று.

1957 இற் கிறிஸ்தியான் இறந்தார். கத்தரீன் அதன்பின் அரைநூற்றாண்டு வாழ்ந்தார். தம்மை வதைத்தோர்மேல் 1952 இல் வழக்கு நடந்தபோது சாட்சி சொன்னவர், பின்னாளிற் கலியானில் ரோசாவும் மல்லிகையும் வளர்த்து அமைதியாய் இருந்தார். முகாமைப் பற்றி மிகுதியும் பேசியவரல்லர். 2008 இல், தம் 90 ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து ஜஸ்டின் பிக்கார்டி எழுதிய நூல் 2021 இலேயே வெளிவந்தது. அதற்குள் அவரை நினைவூட்டும் பெயர் உலகெங்கும் விலைபோயிருந்தது. இன்று அப்பெயரில் விற்பது 1947 இன் கலவையும் அன்று.

பாரம்பரியம் என்று வாணிகர் எழுதும் சொல்லை யான் எப்போதும் ஐயத்துடனேயே படிப்பவன். ஆயினும் இவ்வில்லத்துக்கு ஒரு பாரம்பரியம் உண்டென்றே இப்போது கருதுகின்றேன். அது பட்டிலும் இல்லை, போத்தலிலும் இல்லை. தோழரின் உயிரைத் தன் மௌனத்தாற் காத்த பெண்ணொருத்தியின் நினைவே அது. அதனை மறந்து முகர்வார்க்கு அது வெறும் சென்ற்.

மாணவி பயணஞ்சொல்ல வந்தாள். "பிள்ளை, இந்தப் பெயருக்குரியவர் ஆரென்று தெரியுமோ?" என்றேன். "தெரியாது, ஐயா" என்றாள். முழுவதும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். அவளுடைய தமையனையும் யானே படிப்பித்தேன். அவன் மீளவில்லை. அவனைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை.

அடுத்த தவணையில் 'நாற்றம்' என்னும் சொல்லை விளக்க நேரும்போது, மாணவர் வழக்கம்போல் நகைப்பர். நகைத்து முடித்தபின் இவ்வரலாற்றையும் அவர்க்குச் சொல்லக் கருதியுள்ளேன்.