கூப்பிய கரங்களே கொடையாளர்க்கு அழகு

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் ஆலயங்கள் விழாக்கோலம் பூணும் இவ்வேளையில், திருப்பணிக்குப் பொருள் ஈந்தோரின் உருவப்படங்களைக் குறித்து மெய்யன்பர்களிடம் சில கூற விழைகிறேன்.

எங்கள் ஆலய மண்டபம் எழும்பப் பெரும்பொருள் வழங்கிய அன்பர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் உருவத்தை ஓவியமாக வரைவித்து மண்டபத்தில் வைக்க நிர்வாகக் குழு தீர்மானித்தது. அலங்கார நாற்காலியில் கால்மேல் கால் இட்டு அவர் அமர்ந்திருந்த புகைப்படம் ஒன்றைப் பலரும் தேர்ந்தனர். செயலாளராகிய யானும் அதற்கு உடன்பட்டேன். அன்னாரின் துணைவியாரோ, "ஐயா, சாமி முன்னால அவர் நாற்காலியில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கும்பிடுற மாதிரி வரையச் சொல்லுங்க" என்றார்.

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. நம் முன்னோர் காட்டிய நெறியும் அதுவே அன்றோ? 1509 முதல் 1529 வரை விஜயநகரப் பேரரசை ஆண்ட கிருஷ்ணதேவராயர், திருமலை வேங்கடவனுக்குப் பொன்னும் மணியும் வாரி வழங்கியவர். அவ்வாலயத்தினுள் அவரும் தேவியரான திருமலாதேவி, சின்னாதேவி இருவரும் உலோகப் படிமங்களாய் நிற்கின்றனர். மூவர் கரங்களும் குவிந்தே உள்ளன. மதுரைப் புதுமண்டபத்தை எழுப்பிய திருமலை நாயக்கரும் அம்மண்டபத் தூணில் கைகூப்பியே நிற்கிறார். நம் ஆலயங்களில் உழவாரப் படையுடன் எழுந்தருளியிருக்கும் அப்பரடிகளின் கரங்களும் அவ்வாறே குவிந்துள்ளன. நாடாண்ட மன்னரும் உழவாரத் தொண்டரும் இறைவன் சந்நிதியில் ஒரே நிலையில் நிற்கின்றனர்.

கைகூப்பிய உருவத்தை வரைவது எளிதன்று. முகம் அவருடையதாய் இருத்தல் போலவே கரங்களும் அவருடையனவாய் இருத்தல் வேண்டும். எங்கள் அன்பர் இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இடக்கைப் பெருவிரலில் கத்தி பட்ட தழும்பு இருந்ததை அம்மையார் நினைவுகூர, ஓவியர் அதனையும் தீட்டினார். மண்டபத்தின் பக்கச்சுவரில், மூலவரை நோக்கிய வண்ணம் அவ்வோவியத்தை வைத்தோம். அதன்முன் நிற்போர், அவர் வணங்கும் திசையில் தாமும் திரும்பி வணங்கிச் செல்கின்றனர்.

ஆலயங்களுக்கு வாரி வழங்கும் புரவலர் பெருமக்களே! உங்கள் உருவப்படம் வைக்கப்படும் நாளில், அது கைகூப்பிய கோலத்திலேயே அமைய வேண்டுமென இன்றே உங்கள் இல்லத்தாரிடம் கூறி வையுங்கள். அனைவரும் திருவருள் பெற்று உய்வோமாக.