மூன்று காலில் திரும்பும் கார்

பழைய கார்ப் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்று வளைவுக்குள் பாய்கிறது. உடம்பு முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்பக்கத்துப் பின்சக்கரம் மட்டும் தரையில் இல்லை. அந்தரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. விளக்குக் கம்பத்தருகே நிற்கும் நாய் ஞாபகத்துக்கு வராமல் போகாது.

முதலில் பார்த்தபோது கார் கவிழப்போகிறது என்றே நினைத்தேன். நாலு சக்கரமும் தரையில் இருந்தால்தானே பிடி? ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் கார் எப்படி நல்ல காராகும்? ஆனால் அந்தக் காரை ஓட்டியவர்கள் எல்லாரும் அதன் திரும்பும் அழகைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். சக்கரம் எழும்புவதும் கார் அழகாகத் திரும்புவதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அது புரிந்த பிறகு, சின்னக் காரைச் 'செட்டப்' செய்கிறேன் என்று நம் ஆட்கள் செய்யும் பாதி வேலை வீண் என்பதும் சேர்ந்தே புரிந்தது.

கதை 1970-களின் நடுவில், ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரில் தொடங்குகிறது. ஃபோக்ஸ்வாகன் பொறியாளர் அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க்குக்கு ஒரு சாதாரணக் குடும்பக் காரை வேகக் காராக்கிப் பார்க்கும் ஆசை. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. ஒத்த மனசுள்ள சிலரைச் சேர்த்துக்கொண்டு ஓரமாகச் செய்த வேலை. சிரோக்கோ என்ற ஃபோக்ஸ்வாகன் காரை வைத்துச் செய்த முதல் சோதனைக் கார் விறைப்பும் இரைச்சலுமாக இருந்ததால் எடுபடவில்லை. அதைத் தணித்து, சாலையில் மனிதர் ஓட்டக்கூடியதாக ஆக்கிய பிறகே வழி திறந்தது. ஹெர்பர்ட் ஷுஸ்டர் என்ற பொறியாளர் சஸ்பென்ஷனைக் கவனித்தார். அப்படிப் பிறந்த கோல்ஃப் ஜிடிஐயை 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-இல் விற்பனைக்கு விட்டார்கள். 5,000 கார் விற்றால் போதும் என்பது கணக்கு. முதல் தலைமுறை மட்டுமே 4,60,000-க்கு மேல் போயிற்று.

அதன் எஞ்சின் 110 குதிரைத்திறன்; இன்று இது ஒரு பெரிய விஷயமே இல்லை. எடை சுமார் 810 கிலோ, டயர் 13 அங்குலம். வித்தை இருந்தது அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில் போட்ட ஒரு வளைந்த இரும்புக் கம்பியில்.

அந்தக் கம்பியிடம் போகும் முன் டயரைப் பார்த்துவிடுவோம். நிற்கும் காரின் டயர் எவ்வளவு தரையைத் தொடுகிறது? தோராயமாகக் கணக்குப் போட்டுவிடலாம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 250 கிலோ. உள்ளே 32 பிஎஸ்ஐ காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வையுங்கள். அவ்வளவுதான். நாலு உள்ளங்கை ரப்பர்தான் குடும்பத்தையும் லக்கேஜையும் சுமந்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள ஒரே உறவு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த நாலு உள்ளங்கைகளைச் சரியாகத் தரையில் பதிய வைக்கும் ஏற்பாடுதான்.

இந்த உள்ளங்கைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எடை ஏற ஏற டயரின் பிடியும் கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. கஞ்ச முதலாளி மாதிரி: முதல் மூட்டைக்கு முழுக் கூலி, இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைத்து, மூன்றாவதுக்கு இன்னும் குறைத்து. ஆகவே இரண்டு டயருக்கு 250, 250 என்று சமமாகச் சுமை இருந்தால் கிடைக்கும் மொத்தப் பிடி, 350, 150 என்று ஏறுமாறாக இருக்கும்போது கிடைக்காது. சுமை சமமாக இருக்கும் ஜோடிக்கே பிடி அதிகம். காரின் குணத்தைச் சொல்லும் மொத்த சாஸ்திரமும் இந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

வளைவில் என்ன நடக்கிறது? பஸ்ஸில் நிற்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல, காரின் எடையும் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு நகர்கிறது. எத்தனை கிலோ நகரும் என்பதை முடிவு செய்பவை நாலே: காரின் எடை, அந்த எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம். ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்பது இந்தப் பட்டியலில் கிடையாது! கெட்டி ஸ்பிரிங் போட்டால் உடம்பு குறைவாகச் சாயும். ஆனால் நகரும் எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சாய்வைப் பார்த்துவிட்டு 'பிடி இல்லை' என்று முடிவு கட்டுவது கண்ணின் ஏமாற்று.

ஒரு கணக்கு. கோல்ஃப் மாதிரி 810 கிலோ கார். முன்பக்கம் 500, பின்பக்கம் 310 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மையம் அரை மீட்டர் உயரத்தில், சக்கர இடைவெளி 1.4 மீட்டர். புவியீர்ப்பில் 0.8 பங்கு விசையோடு கடுமையாகத் திரும்பினால், உள்ளிருந்து வெளியே போவது சுமார் 230 கிலோ. இந்த 230-ஐ முன்ஜோடியும் பின்ஜோடியும் எப்படிப் பங்கு போடுவது? இங்கேதான் பொறியாளர் கை வைக்கலாம். எந்தப் பக்கம் சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ அந்தப் பக்கம் பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும்.

முன்சக்கர இழுவைக் காரில் முன்டயர்கள் பாவப்பட்டவை. எஞ்சின் எடை அவற்றின் தலையில். வண்டியை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக்கில் பெரும்பகுதியையும் தாங்க வேண்டும். வளைவில் முதலில் களைத்துப்போவது அவைதான். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே போகும். பின்டயர்களோ பின்னால் சும்மா உருண்டு வருபவை. அவற்றின் தலையில் பங்கைத் தள்ளினால் என்ன?

அந்த வளைந்த கம்பியின் வேலை இதுவே. புத்தகத்தில் ஆன்டி ரோல் பார். மெக்கானிக் வாயில் ஸ்டெபிலைசர் பார். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது பேசாமல் இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஆக, பின்பக்கம் சாய்வை எதிர்க்கிறது. 230 கிலோவில் 155-ஐத் தன் பங்காக வாங்கிக்கொள்கிறது. பின்னால் உள்சக்கரத்தின் மேல் இருந்ததே 155 கிலோதான். அது முழுக்க வெளியே போய்விட்டால்? சக்கரத்தின் மேல் சுமை பூஜ்யம். அது எழும்பத் தொடங்குகிறது. முன்ஜோடிக்கு விழுந்தது மிச்சம் 75 கிலோ மட்டும். 325, 175 என்று ஓரளவு சமமாகவே நிற்கின்றன, மூக்கு சொன்ன இடத்துக்குப் போகிறது. தூக்கிய கால் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் செய்யும் தியாகம். எழும்பிய பிறகு பின்னால் கொடுக்க ஒன்றுமில்லை. அதற்கு மேல் கூடும் சுமையெல்லாம் முன்பக்கமே. அதனால்தான் கார் அந்த நிலையில் தடுமாறாமல் நிற்கிறது.

இதே வித்தையின் சாயலை நம் ஊர்க் காரிலும் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஐ20 என்-லைன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 120 குதிரைத்திறன், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன். பின்னால் இருப்பது, 1974-இல் கோல்ஃபும் சிரோக்கோவும் பரவலாக்கிய அதே முறுக்குக் குறுக்குத்தண்டு. தண்டே முறுக்கிக்கொண்டு பாதி ஸ்டெபிலைசர் வேலையையும் பார்த்துவிடும்.

சரி, நம்மிடம் இருக்கும் சின்னக் காரை எப்படித் திருத்துவது? பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது 'இறக்குவது'. என் நண்பர் ஒருவர் தம் காரை நாலு சென்டிமீட்டர் இறக்கி, 17 அங்குல வீல் மாட்டிக்கொண்டு வந்தார். பார்க்க அழகுதான், மறுக்க மாட்டேன். ஓட்டிப் பார்த்தால், ஒட்டுப்போட்ட சாலையின் வளைவில் 'டொம்' என்று ஒரு சத்தம். அதோடு முன்பக்கம் ஓர் அடி தள்ளிப்போய் விழுந்தது. சஸ்பென்ஷனுக்கு நகர இடமில்லை. அடிரப்பரில் போய் முட்டி நின்றது. முட்டிய கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத கதி, அவ்வளவு எடையும் திடீரென்று ஒரே உள்ளங்கையில்.

இன்னொரு விஷயமும் உண்டு, எனக்குப் பிடித்த விந்தை. கார் சாயும்போது அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழல்புள்ளி இருக்கிறது. எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். நம் சின்னக் கார்களின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சரிவு மாற மாற இந்தப் புள்ளி மளமளவென்று கீழே போகும். காரை நாலு சென்டிமீட்டர் இறக்கினால் எடை மையம் நாலு சென்டிமீட்டர் இறங்கும். சுழல்புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோல் நீண்டுவிடுகிறது. அதே ஸ்பிரிங் கெட்டியோடு இறக்கிய கார் முன்னைவிட அதிகமாகச் சாயும்! அதை மறைக்க ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்க வேண்டும். கெட்டியானால் மேடுபள்ளத்தில் டயர் குதிக்கும். குதிக்கும் டயருக்குப் பிடி ஏது?

பந்தயத் தளம் வேறு. அங்கே தார் கண்ணாடி மாதிரி, எதிரே மாடு வராது. சாலைக்கு வேண்டியது இளக்கம். அமெரிக்காவில் 1930-களிலேயே மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கெடிலாக் நிறுவனத்தில் இதை ஆராய்ந்தார். முன் ஸ்பிரிங் மெதுவாகவும் பின் ஸ்பிரிங் சற்று வேகமாகவும் ஆடினால் கார் தலையாட்டாமல் போகும் என்று கண்டவர். மேட்டை முதலில் தொடுவது முன்சக்கரம். தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துச் சேர்ந்து அடங்கும். சாதாரணக் கார்களின் ஸ்பிரிங் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம் ஆடும்படி இருக்கும். நம் உடம்பு தாங்கும் தாளமும் அதுதான். முன்னும் பின்னும் ஒப்பிட்டுச் சேர்த்த இந்தத் தாளத்தை, முன்பக்கம் மட்டும் கெட்டி ஸ்பிரிங் போட்டுக் கலைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஸ்பிரிங்கைவிட ஷாக் அப்சார்பருக்குச் செலவழிப்பது மேல். ஸ்பிரிங் சக்தியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஷாக்தான் அதைத் தின்று வெப்பமாக்கும். மோசமான சாலையில் அரைமணி ஓட்டிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சுடும். வேகத்தடை தாண்டிய பிறகு பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பி அடங்கினால் ஷாக் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பல கார்களின் 'ஹேண்ட்லிங்' போய்விட்டதாகச் சொல்வது தேய்ந்துபோன ஷாக்கைத்தான்.

அடுத்தது டயரைத் தடவுவது. காரை நிறுத்தி, உள்ளங்கையை டயர் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் இழுங்கள். ஒரு திசையில் வழவழ, மறுதிசையில் ரம்பப் பல் போல உறுத்தினால் டயர் நேராக உருளாமல் உரசிக்கொண்டே போகிறது, டோ (சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம்) தவறிவிட்டது. உள்விளிம்பு மட்டும் மொட்டையானால் கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு) தவறியிருக்கும், அல்லது லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கும். ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ரப்பர் புஷ் பார்க்க நன்றாகவே இருக்கும்; பிரேக் போடும்போது மட்டும் கை நழுவி, சக்கரத்தை அது நினைத்த பக்கம் திருப்பும். அதை மாற்றாமல் அலைன்மென்ட் பார்த்துப் பயனில்லை, மறுநாளே பழைய கதி. பெரிய வீலும் இதே கணக்கில் சேரும்: ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் மேடு தாண்டிய டயர் தரைக்குத் திரும்பத் தாமதம் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் வளைவில் மூக்கு வெளிப்பக்கம் போகிறது என்றால் மட்டும் பின்பக்கத்துக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார். அதிலும் ஆசை அளவோடு இருக்கட்டும். 1984-இல் வந்த பிரெஞ்சுக் காரான பெஷோ 205 ஜிடிஐ இதற்குச் சாட்சி. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை சட்டென முன்னால் போய், இலேசான பின்பக்கம் வெளியே வீசும். தெரிந்தவனுக்கு அது வரம். தெரியாதவன், மழை நாளில், வேலியில் போய் நிற்பான். பின்பக்கம் கெட்டியாக்க ஆக்க உங்கள் காரும் இந்தக் குணத்தை நோக்கி நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதோடு, இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வெட்டி ஒட்டும் வேலைக்கு முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு எதையும் வாங்கப் போகாதீர்கள். நாளைக் காலை வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நாலு சக்கரத்திலும் காற்றை அளந்து, டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.