‘வணக்கம்’ போட்டால் அழித்துவிடுவார்கள்

நிரல் எழுதுவோர் சந்தேகம் கேட்கும் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ தளத்துக்கு முதல்முறை போகிறவர், நம் வழக்கப்படி ‘வணக்கம்’ என்று தொடங்கி ‘முன்கூட்டியே நன்றி’ என்று முடிப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டையும் காணோம். முன்பின் தெரியாத யாரோ வெட்டியிருப்பார். கோபமெல்லாம் இல்லை. முகமன், நன்றி, கையொப்பம் எதுவும் வேண்டாம் என்று அந்தத் தளத்தின் உதவிப் பக்கமே சொல்கிறது.

காரணம் எளிது. அந்தக் கேள்வியைப் படிக்கப்போவது இன்று பதில் சொல்பவர் மட்டுமல்ல. ஐந்து வருஷம் கழித்து அதே பிழைச் செய்தியை கூகுளில் போட்டுத் தேடி வருபவரும்தான். அவருக்குக் குசலம் எதற்கு? 2008ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தளத்தைத் தொடங்கியபோது மனத்தில் வைத்திருந்தது அரட்டைத் திண்ணை அல்ல, கேள்வி-பதில் களஞ்சியம்.

பேச்சு தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெரும்பாலும் புள்ளிகளிடம் விட்டார்கள். 15 புள்ளி சேர்த்தால்தான் ஒரு பதிவுக்கு ஆதரவு ஓட்டுப் போடலாம் என்று வைத்தார்கள். அடுத்தவர் பதிவின் கீழே கருத்து எழுத 50, எதிர் ஓட்டுப் போட 125, ஒரு கேள்வியை மூடச் சொல்லி ஓட்டளிக்க 3,000. எனக்கு மிகவும் பிடித்தது இதில் ஒரு சின்ன ஏற்பாடு: ஒரு பதிலுக்கு நீங்கள் எதிர் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், உங்களுக்கும் 1 குறையும். குறை சொல்வதானால் கைக்காசையும் போட்டுச் சொல் என்பதுதான் கணக்கு. (கேள்விகளுக்கு இந்தச் செலவு கிடையாது. சங்கடம் அங்கேதான் தொடங்கியது என்பேன்.)

கல்லூரி மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திரையைக் கைபேசியில் படம்பிடித்துப் போட்டு, ‘ஓட மாட்டேங்குது, என்ன செய்யணும்?’ என்று கேட்கிறார். பத்து நிமிடத்தில் கேள்விக்குப் பக்கத்தில் மைனஸ் நான்கு. இன்னும் சற்று நேரத்தில் ‘மூடப்பட்டது’ என்ற பட்டை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் மறுபடி அந்தப் பக்கம் வரப்போவதில்லை.

மூடியது சரிதான். பிழையை அப்படியே வரவழைத்துக் காட்டும் சிறு நிரல்துண்டு இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. மூடிய கேள்வியைத் திருத்தி எழுதினால் மீண்டும் திறக்கவும் வழி உண்டு. ஆனால் மூடிய கதவைப் பார்க்கிறவருக்கு அது தாழ்ப்பாளா பூட்டா என்று எப்படித் தெரியும்? 2013லேயே மூடுவதற்கான காரணங்களின் வாசகத்தை மாற்றிப் பார்த்தார்கள். 2018 ஏப்ரலில், புதியவர்களை நாம் நன்றாக வரவேற்கவில்லை என்று நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் நடத்தை விதிகள் புதிதாக வந்தன. முதல்முறை எழுதுபவரின் பதிவில் ‘இவர் புதியவர், பரிவோடு பேசுங்கள்’ என்ற குறிப்பும் வந்தது.

அதே ஆண்டு, லினக்ஸ் இயங்குதளத்துக்கு நிரல் எழுதுவோர் உலகிலும் ஒரு கணக்குத் தீர்ந்தது. அங்கே நோய் வேறு மாதிரி. எந்த நிரல் திருத்தத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒழுங்கு கறாராக இருந்தது. ஏசும் வார்த்தைக்குத்தான் வரம்பில்லை. பெரிய வாய் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுடையது. செப்டம்பரில் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுங்கினார். கையோடு நடத்தை விதிகளும் வந்தன. அவை வெறும் காகிதமாகவும் நின்றுவிடவில்லை. சக நிரலாளரை ஏசிய ஒருவரின் திருத்தங்களை ஒரு வெளியீட்டுச் சுற்று முழுக்க ஏற்பதில்லை என்று 2024 நவம்பரில் முடிவானது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு அதற்குள் வேறு போட்டி வந்துவிட்டது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்த சில நாட்களிலேயே, பார்க்கச் சரியாகத் தெரிந்தாலும் பல தவறாக இருக்கின்றன என்று அதன் பதில்களைத் தளம் தடைசெய்தது. பதில்களைத்தான் தடுக்க முடிந்தது. கேள்வி கேட்பவர்கள் கொத்துக்கொத்தாக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அங்கே திரையை மங்கலாகப் படம்பிடித்துப் போட்டாலும் மைனஸ் விழாது; வணக்கம் போட்டால் பதிலுக்கு வணக்கம் வருகிறது.