மருத்துவர் ஒதுக்க வேண்டிய 30 விநாடி

"வெயிட்டைக் குறைங்க" என்கிறார் மருத்துவர். நோயாளி தலையாட்டுகிறார். பல மருத்துவமனைகளில் உடல்பருமனுக்குக் கிடைக்கும் சிகிச்சை இந்த ஒரு வரிதான்.

மேலே பேச மருத்துவர்கள் தயங்குகிறார்கள். முழங்கால் வலி என்று வந்தவரிடம் எடைப் பேச்சை எடுத்தால் மனம் நோகுமே என்ற கவலை. வெளியே காத்திருக்கும் கூட்டம் வேறு. இந்தத் தயக்கம் தேவைதானா என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் அவேயார்ட் குழுவினர் இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2016இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

வேறு ஏதோ தொந்தரவுக்காகக் குடும்ப மருத்துவரிடம் வந்த, உடல்பருமன் உள்ள 1,882 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினரிடம் எடை குறைந்தால் நல்லது என்று மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினரிடம் மருத்துவர் சுமார் 30 விநாடி பேசினார்: வாரம் ஒருமுறை, 12 வாரம் நடக்கும் இலவச எடைக்குறைப்பு வகுப்பு இருக்கிறது, சேர்கிறீர்களா? சரி என்றவருக்கு அங்கேயே பதிவு செய்து கொடுத்தார்கள்.

77 சதவீதம் பேர் சம்மதித்தார்கள், 40 சதவீதம் பேர் வகுப்புக்குப் போனார்கள். ஓராண்டில் இந்தப் பிரிவில் சராசரியாக 2.4 கிலோ குறைந்தது. அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 1 கிலோ. வகுப்புக்கே போகாதவர்களையும் சேர்த்த சராசரி இது என்பதை மறக்கக் கூடாது. மருத்துவர் இப்படிப் பேசியது பொருத்தமில்லை, பயனுமில்லை என்று சொன்னவர்கள் மொத்தமே நான்கு பேர்!

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான செய்தி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40 சதவீதம் பேர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். உலக அளவில் பி.எம்.ஐ. எனப்படும், உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 30ஐத் தொட்டால்தான் பருமன். இந்தியர்களுக்கோ 25 என்றே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருகிறது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவு எல்லையைத் தாண்டுகிறோமா என்று பார்க்க ஒரு டேப் போதும்.

ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்து மாற்று உண்டா என்று யோசிப்பது மருத்துவரால் மட்டுமே முடிகிற உதவி. குறைந்த எடை திரும்ப ஏறும்போது நோயாளியைக் கடிந்துகொள்வது அநியாயம். எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுவது உடலின் இயல்பு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களே கேளுங்கள்: நான் சாப்பிடும் மாத்திரைகளில் எடை கூட்டுவது ஏதும் இருக்கிறதா? எடை பார்க்க மறுபடி எந்தத் தேதியில் வரட்டும்?