விவாகமில்லாப் பெற்றோரும் குழந்தையின் உரிமையும்

நமது தேசத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அது ஆணா பெண்ணா என்று உறவினர் கேட்பார்கள். அதன் பெற்றோர் விவாகம் செய்துகொண்டவர்களா என்று சட்டம் கேட்கும். ஆம் என்று பதில் வந்தால், தகப்பன் பெயரும், அவன் சொத்தில் பாத்தியதையும், இருவருடைய பாதுகாப்பும் அக்குழந்தைக்குக் கேளாமலே வந்து சேருகின்றன. இல்லை என்று பதில் வந்தால், அவற்றில் ஒவ்வொன்றையும் கோர்ட்டுப் படியேறிப் பெறவேண்டும். சிலவற்றைப் படியேறினாலும் பெற முடியாது. இந்த வித்தியாசத்துக்குக் குழந்தை செய்த குற்றம் யாது என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயம்.

"இது ஸ்திரீ புருஷர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய காரியம், இதில் பத்திரிகைக்கும் சட்டசபைக்கும் என்ன வேலை?" என்று பொதுத்தொண்டில் ஈடுபட்ட நண்பர்களே சிலர் கேட்கக்கூடும். விவாகத்தின் மேன்மையைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் அந்த மேன்மையைக் காப்பதற்காக, அதில் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு சிசுவைத் தண்டிப்பது எந்த நியாயம்? பொறுப்பைத் தட்டிக் கழித்த ஆண்மகன் ஊரில் பெரிய மனிதனாக உலாவுகிறான். பழி தாயின் தலையில் விழுகிறது; நஷ்டம் குழந்தையின் தலையில் விழுகிறது. இதை ஒழுக்கத்தைக் காக்கும் ஏற்பாடு என்று சொல்வது சொல்லுக்கே அவமானம்.

பழைய நெறியும் பரங்கியர் நெறியும்

நமது முன்னோர் இவ்விஷயத்தை அறியாதவர்களல்லர். தர்ம சாஸ்திரங்கள் புத்திரர்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்தபோது, கன்னிகை பெற்ற பிள்ளையைக் 'கானீனன்' என்று பெயரிட்டு அவ்வரிசையிலே சேர்த்தன. சாந்தோக்ய உபநிஷதத்தில் வரும் ஸத்யகாமன் தன் தகப்பன் கோத்திரத்தை அறியாதவன். தாய் சொன்ன உண்மையை அப்படியே ஆசாரியரிடம் சொன்னான். உண்மை பேசியதே போதும் என்று கௌதமர் அவனைச் சிஷ்யனாக ஏற்றார். தாயின் பெயராலேயே அவன் ஜாபாலன் என்று விளங்குகிறான். இன்னொரு பக்கம், ஆற்றில் விடப்பட்ட கர்ணனை அரங்கத்தில் நிறுத்திக் குலம் கேட்டவர்களும் நமது இதிகாசத்திலேயே இருக்கிறார்கள். ஸத்யகாமனை ஏற்ற மனமும் கர்ணனைத் தள்ளிய மனமும் நம்மிடம் சேர்ந்தே இருந்துவந்திருக்கின்றன.

இங்கிலீஷ்காரருடைய பழைய சட்டமோ இத்தகைய குழந்தை "யாருக்கும் பிள்ளையல்ல" என்று துணிந்து கூறியது. 1804-ம் வருஷத்து நெப்போலியன் சட்டம், தகப்பன் யார் என்று விசாரிப்பதையே பொதுவாகத் தடுத்தது. அந்தத் தடை 1912-ல்தான் பிரான்ஸில் நீங்கியது. நார்வே தேசம் 1915-லேயே இக்குழந்தைகளுக்குத் தகப்பன் பெயரையும் சொத்துரிமையையும் அளித்தது. இங்கிலாந்தும் 1987-ல் சட்டம் செய்து தன் பழைய பேதத்தைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது.

சோற்றுக்கு உரிமை, சொத்துக்கு இல்லை

நம் நாட்டு நிலைமை என்ன? ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரையில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு, விவாகத்தில் பிறந்ததாயினும் அல்லாததாயினும் குழந்தையைத் தகப்பன் காப்பாற்றியே தீரவேண்டும் என்றது. 1973-ம் வருஷத்துச் சட்டத்தில் அது 125-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 144-வது பிரிவாக நிற்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பும் 2001-ல் நீக்கப்பட்டது. ஹிந்துக்களைப் பொறுத்தமட்டில் 1956-ம் வருஷத்துத் தத்து ஜீவனாம்சச் சட்டமும் இக்கடமையைத் தாய் தகப்பன் இருவர்மீதும் விதிக்கிறது.

வயிற்றுக்குச் சோறு என்ற மட்டில் சரி. சொத்து என்றவுடன் சட்டத்தின் முகம் மாறிவிடுகிறது. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, விவாகமில்லாமல் பிறந்த குழந்தை தாய்க்கே உறவு. தகப்பன் உயில் எழுதி வைத்தாலன்றி, அவனுக்குப்பின் அவன் சொத்தில் அதற்கு வாரிசுப் பங்கு கிடையாது. பழைய ஹிந்து சட்டமாவது, சூத்திரர் என்று தான் வகுத்தவர்களிடையே, தகப்பனோடு நிலையாக வாழ்ந்த ஸ்திரீயின் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுத்தது. மற்ற வகுப்பாருக்கு ஜீவனாம்சம் மட்டுமே உண்டு என்றது. அந்த ஜாதி பேதம் ஒழிந்தது நன்றே. ஆனால், எல்லோரையும் மேலே ஏற்றிச் சமமாக்குவதற்குப் பதிலாகக் கீழே இறக்கிச் சமமாக்கிவிட்டார்கள்.

இதிலும் ஒரு விபரீதம் உண்டு. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 16-வது பிரிவு, 1976-ல் செய்த திருத்தத்தின்படி, செல்லாத விவாகத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் பெற்றோரின் சொத்தில் உரிமை அளிக்கிறது. குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழக்கூடிய பாகத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு என்று 2023 செப்டம்பர் 1-ல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். முதல் மனைவி உயிரோடிருக்க, சட்டத்தை மீறி இரண்டாவது பெண்ணுக்குத் தாலி கட்டியவனுடைய குழந்தைக்குப் பங்கு உண்டு. வேறு யாருக்கும் துரோகம் செய்யாமல், சடங்கு மட்டும் இல்லாமல் வாழ்ந்த இருவருடைய குழந்தைக்குப் பங்கு இல்லை! நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் விவாகம் நடந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்று 2022-ல் ஸுப்ரீம் கோர்ட்டு மீண்டும் கூறியது உண்மைதான். ஆயினும் அது சாட்சியத்தைப் பொறுத்த அனுமானம். பங்காளிகள் வந்து மறுக்கும் நாளில், பெற்றோர் இருவரும் இறந்திருந்தால், அதை நிலைநாட்டுவது எளிதன்று.

தகப்பன் என்று நிரூபிப்பது எப்படி?

விவாகமான தாயின் குழந்தைக்கு 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு அரணாக நின்றது. இப்போதைய சட்டத்தில் அது 116-வது பிரிவு. விவாகம் நிலைத்திருக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையதே. இருவரும் கூட வாய்ப்பே இல்லாதிருந்தது என்று காட்டினாலொழிய அதை அசைக்க முடியாது. விவாகமில்லாத தாய்க்கு இந்த அரண் இல்லை. இன்னான்தான் தகப்பன் என்று அவளே நிரூபிக்க வேண்டும்.

முன்னாட்களில் இதற்குக் கடிதங்களும், அக்கம்பக்கத்தார் வாக்குமூலமுமே ஆதாரம். இன்றோ டி.என்.ஏ. பரிசோதனை ஐயத்துக்கு இடமின்றி விடை சொல்லுகிறது. ஆயினும் கோர்ட்டுகள் இதை மனம்போனபடி உத்தரவிடுவதில்லை. ரத்தப் பரிசோதனையைச் சர்வ சாதாரணமாக உத்தரவிடலாகாது என்று 1993-ல் ஸுப்ரீம் கோர்ட்டு விதித்தது. 2014-ல், அனுமானத்துக்கும் விஞ்ஞான உண்மைக்கும் முரண்பாடு நேர்ந்தால் உண்மையே நிற்கும் என்றது. 2023-ல், தம்பதிகளின் சண்டைக்குக் குழந்தையைப் பகடைக்காயாக்கக் கூடாது என்ற நோக்கில் பரிசோதனையை மறுத்தது. 2025 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றிலும் விவாக அனுமானத்தையே உயர்த்திப் பிடித்தது. இத்தீர்ப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஒரு தத்துவம் விளங்குகிறது: குழந்தைக்கு இருக்கும் தகப்பனைப் பறிப்பதற்குப் பரிசோதனையை எளிதாக அனுமதிக்கலாகாது. அப்படியானால், தகப்பனே இல்லாத குழந்தைக்குத் தகப்பனைத் தேடிக் கொடுப்பதற்கு அதே பரிசோதனையைத் தயங்காமல் அனுமதிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

முன்னாள் முதன் மந்திரியும் கவர்னருமான நாராயண தத் திவாரியின்மேல் ஓர் இளைஞர் தொடுத்த வழக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ல் தொடங்கிய வழக்கில், 2012-ல் பரிசோதனை முடிவு வெளியாகி, அவரே தகப்பன் என்று ஊர்ஜிதமாயிற்று. வசதியும் கல்வியும் உள்ள ஒருவருக்கே நான்கு வருஷம் பிடித்தது என்றால், கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி என்ன செய்வாள்?

தாயின் உரிமையும் தகப்பன் உரிமையும்

குழந்தையின் பாதுகாப்பு விஷயத்தில், 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர் கார்டியன் சட்டம் விவாகமில்லாத தாயையே முதல் கார்டியனாக வைக்கிறது. அவளுக்குப் பிறகே தகப்பன். 2015 ஜூலை 6-ல் ஸுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒரு கிறிஸ்தவத் தாய் 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி மனுச் செய்தாள். தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பினால்தான் ஆயிற்று என்று கீழ்க்கோர்ட்டும் டில்லி ஹைகோர்ட்டும் கூறின. அது அவசியமில்லை என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்த்து, தனித்த தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளும், பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று மாறின. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. "தகப்பன் பெயர்?" என்று பலர் முன்னிலையில் அதட்டிக் கேட்கும் குமாஸ்தா இருக்கிறவரையில் தீர்ப்பு காகிதத்திலேதான் இருக்கும்.

தன் குழந்தையைத் தன் குழந்தை என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பணம் கொடுத்து வளர்க்கும் தகப்பனும் உண்டு. அவனுடைய கடமையைச் சொல்லும் சட்டம், குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கு அவனைக் கோர்ட்டின் தயவில் விட்டிருக்கிறது. ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தவும், நிற்கிறவனை அங்கீகரிக்கவும் சட்டத்துக்குத் தெரியவேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, விவாகமில்லாப் பெற்றோர் இருவரும் பிறப்புப் பதிவாளர் முன்பு கையெழுத்திட்டால், அதுவே தகப்பன் உறவுக்குப் பூரண ஆதாரமாக வேண்டும். இரண்டாவது, மறுக்கிறவன் விஷயத்தில் கோர்ட்டின் மேற்பார்வையில், ரகசியம் காத்து, ஏழைகளுக்கு ஸர்க்கார் செலவில் பரிசோதனை நடக்கவேண்டும். மூன்றாவது, தகப்பன் உறவு நிலைபெற்ற குழந்தைக்கு மற்றக் குழந்தைகளோடு சமமான வாரிசுரிமை வேண்டும். நான்காவது, கடமையை ஏற்ற தகப்பனுக்கு, குழந்தையின் நலத்துக்கு உட்பட்டு, பார்க்கும் உரிமையும் பாதுகாக்கும் உரிமையும் வேண்டும். பலாத்காரத்தால் தகப்பனானவனுக்குக் கடமை மட்டுமே இருக்கவேண்டும், உரிமை கூடாது.

2025 ஜனவரியில் அமுலுக்கு வந்த உத்தரகண்ட் பொதுச் சிவில் சட்டம், விவாகமின்றிச் சேர்ந்து வாழ்வோரின் குழந்தை சட்டபூர்வமான குழந்தையே என்று கூறுகிறது. அந்த மட்டில் அது சிலாக்கியமானது. ஆனால் அதே சட்டம், அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பதிவு செய்யாவிட்டால் சிறைத் தண்டனையும் உண்டு என்கிறது. குழந்தைக்கு உரிமை கொடுப்பதற்குத் தாய் தகப்பனைப் போலீஸ் கண்காணிப்பில் வைக்க அவசியமில்லை.

வாரிசுரிமை விஷயத்தில் சட்டம் செய்ய மாகாணச் சட்டசபைக்கும் அதிகாரம் உண்டு. பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-ல் வழிகாட்டியது. இந்திய ஸர்க்கார் 2005-ல்தான் பின்தொடர்ந்தது. அந்தப் பெருமையை இவ்விஷயத்திலும் தமிழ்நாடு அடையலாம்.

அதுவரையில் தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. ஒவ்வொரு ஜில்லாவிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உங்கள் ஊரில் இத்தகைய தாய் ஒருத்தி இருந்தால், அவளைப் பற்றித் திண்ணையில் பேசுவதை நிறுத்தி, அந்த ஆபீசுக்கு வழிகாட்டுங்கள். குழந்தைக்கும் பாலகப் பருவத்துக்கும் பாதுகாப்பு அளிப்பதாக நமது அரசியலமைப்பு சொல்லுகிறது. அதில் எந்தக் குழந்தைக்கு என்ற கேள்வி இல்லை. நாமும் கேட்க வேண்டாம்.